ஒரு பக்கத்தில் இரண்டு காது

கையில் ஒரு காசு விழுந்தால் அதைச் சும்மா மேசை லாச்சிக்குள் போட அருட்பிரகாசத்தால் முடியாது. திருப்பிப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் சரித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் தட்டினால் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்க்க வேண்டும். சுன்னாகம் ஸ்ரேஷனில் ரிக்கற் கொடுக்கிற வேலை அவனுக்கு. யன்னலுக்கு வெளியே வெங்காயச் சாக்கோடு நிற்கிறவன், "ஐயா, ரெயில் கூவிப்போட்டுது ஐயா, கெதியாத் தாங்கோ ஐயா" என்று அந்தரப்படுவான். பிரகாசத்துக்குக் காது கேட்காது.

சரி, நல்ல காசு சேர்க்கிறவன் என்றாலும் பரவாயில்லை. இவனுக்கு வேண்டியது பிழையான காசு! நடுவில் விழாமல் ஒரு பக்கம் ஒதுங்கி அடிபட்ட ஐந்து சதம், அச்சு வெடித்ததால் ராசாவின் கழுத்தில் கோடு விழுந்த பத்துச் சதம், ஒரு பக்கம் ஒன்றுமே இல்லாமல் மொட்டையாய்ப் பிறந்த அரைச் சதம். அப்படி ஒன்று வந்தால் தன்னுடைய காசை லாச்சிக்குள் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வான். வீட்டில் ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் பஞ்சு பரப்பி அவற்றைப் படுக்க வைத்திருந்தான். "ஊரிலை ஆரும் வேண்டாமெண்டு எறியிறதை உவன் பஞ்சுக்கை வைக்கிறான்" என்பார் அவனுடைய அம்மான் மார்க்கண்டர். "விசரெண்டால் இதுதான் விசர்."

பிழைகளுக்குள்ளும் பிரகாசம் உயிரை விட்டது இரட்டைப் பிழைக்குத்தான். எழுத்தோ உருவமோ இரண்டு தரம் விழுந்த காசு. அதிலும் இரண்டு சாதி உண்டு என்பதை அவனுக்கு எந்த வாத்தியாரும் படிப்பிக்கவில்லை. ரிக்கற்றில் திகதி அடிக்கிற இரும்புப் பொறி படிப்பித்தது. அட்டையைச் செருகி அடிக்கும்போது கை ஆடினால் எழுத்துக்குப் பக்கத்தில் சப்பையாய் ஒரு நிழல் இழுபடும். அது வெறும் ஆட்டம். அடுத்த ரிக்கற் ஒழுங்காய் விழும். ஆனால் பொறிக்குள் கோத்திருக்கிற எழுத்தே பழுதென்றால், அன்றைக்கு அடிக்கிற ரிக்கற் அத்தனையிலும் அதே பழுது, அதே இடத்தில் நிற்கும்.

காசும் அப்படித்தான். அடிக்கிற நேரத்தில் அச்சு ஆடினால் சப்பை நிழல், அது குப்பை. அச்சைச் செய்கிறபோதே உருவம் இரண்டு தரம் இறங்கியிருந்தால் அது பிறவி இரட்டை. எழுத்தின் மூலையைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். கவண் தடி மாதிரி மூலை கவராய்ப் பிளந்திருக்கும்; இரண்டு கவரும் ஒரே உயரத்தில் உருண்டு திரண்டு நிற்கும். ஆட்டம் பிடித்த காசு கிழமைக்கு ஒன்றாவது யன்னலுக்கு வரும். பிறவி இரட்டை அவனுடைய ஒன்பது வருஷ வேலையில் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

அதையும் அவன் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் கதை.

1935 ஆவணி மாதம். கொடிகாமத்துக்கு இரண்டு ரிக்கற் கேட்டு ஒரு பெரிய மனுசி யன்னலில் நின்றாள். அவளுக்குக் கண்பார்வை மட்டு. பிரகாசம் கொடுத்த மிச்சக் காசை வாங்கி அப்படியே பின்னால் நின்ற பெண்ணின் கையில் கொட்டி, "பார் பிள்ளை, சரியோ எண்டு" என்றாள். அந்தப் பெண் ஒரு சதத்தை மாத்திரம் பிரித்தெடுத்து யன்னலுக்குள் நீட்டினாள்.

"உதை மாத்தித் தாங்கோ. இதிலை ரெண்டு பனை நிக்குது."

இலங்கைச் சதத்தில் ஒரு மரம் நிற்கும். அது தாளிப்பனை என்று படித்தவர்கள் சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்தில் அது வெறும் பனைதான், அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பிரகாசம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். ஓலை நுனிகள் ஒவ்வொன்றும் கவராய்ப் பிளந்து நின்றன. பிறவி இரட்டை! காலையிலிருந்து லாச்சிக்குள் கிடந்த காசு. அவன் பூதக்கண்ணாடிக்கு டிமிக்கி கொடுத்த காசு. அதை இந்தப் பெண் வெறுங் கண்ணால் பிடித்துவிட்டாள்.

"என்னெண்டு கண்டனீங்கள்?" என்று கேட்டான்.

"கண் இருக்கெல்லே" என்றாள் அவள்.

பிரகாசம் அவளையே பார்த்துக்கொண்டு, புதுச் சதமாய்த் தேடி எடுத்துக் கொடுத்தான். அவள் போகவில்லை. இவன் இன்னும் பார்த்தான். "ரிக்கற்றையும் தந்தால் நாங்கள் போகலாம்" என்றாள் அவள். பின்னால் நின்ற வெங்காயக்காரர்கள் சிரித்த சிரிப்பு மல்லாகம் ஸ்ரேஷனுக்குக் கேட்டிருக்கும்.

அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே தாயிடம் சொல்லிவிட்டான், கட்டினால் அந்தப் பெண்ணை, இல்லாவிட்டால் ஒருவரும் வேண்டாம் என்று. இருபத்தொன்பது வயது வரைக்கும் பெண் என்ற பேச்சையே எடுக்காதவன். தாய் பூரணம் கைம்பெண், அவளுக்கு இவன் ஒரே பிள்ளை. அவள் அடுத்த நாளே தம்பி மார்க்கண்டரை விசாரிக்க அனுப்பினாள். விசாரித்தால், அந்தப் பெண் அச்சுவேலி இராசநாயகத்தின் மகள் செல்வநாயகி. இராசநாயகமும் பிரகாசத்தின் தகப்பனாரும் மலாயாவிலே, தைப்பிங்கில், ஒரே கந்தோரில் ஒரே மேசையின் இரண்டு பக்கம் இருந்து எழுதியவர்கள். சம்பளத்தன்று ஒன்றாய்ப் போய் ஒரே செட்டியாரிடம் தங்கப் பவுண் காசு வாங்கிச் சேர்த்தவர்கள். பிறகென்ன, எல்லாரும் தெய்வச் செயல் என்றார்கள். தாயில்லாத செல்வநாயகியை வளர்த்த பெரியம்மா பராசக்தி மாத்திரம், "பொறுங்கோ, பாப்பம்" என்றாள். அந்த வீட்டில் இராசநாயகம் தலையாட்டுவார், தீர்மானம் பராசக்தியுடையது. ஸ்ரேஷன் யன்னலில் நின்ற கண்பார்வை மட்டான மனுசி அவள்தான்.

ஒருவாறு அவளும் சம்மதித்தாள். தை மாதம் கலியாணம். அதற்கு ஒரு கிழமை முந்திப் பொன்னுருக்கு.

பொன்னுருக்கு என்றால் மாப்பிள்ளை வீட்டில், இரு வீட்டாரும் பார்த்திருக்க, நல்ல நேரத்தில் ஒரு பவுணை நகை செய்கிற பத்தர் உருக்க வேண்டும். அந்தப் பொன்னில்தான் தாலி. பூரணத்திடம் புருஷன் விட்டுப்போன பவுண் இரண்டு இருந்தது. ஒன்றில் மகாராணி, கிழவியாகி முக்காடு போட்ட தலை. அவள் புருஷனை இழந்தபின் அடித்த பவுண் என்று ஊருக்கே தெரியும். அந்தத் தலையை உருக்கி ஒரு குமர்ப்பிள்ளையின் கழுத்தில் கட்ட யாராவது சம்மதிப்பார்களா? மற்றது ராசா, தாடிக்காரர். மறுபக்கத்தில் குதிரையில் ஒருவன் பாம்பைக் குத்துகிறான். பூரணத்துக்கு அது சூரனைக் குத்துகிற முருகன். ஆகவே ராசாவே தீர்மானமாயிற்று.

அந்தப் பவுணை மகனுக்கு அவள் ஒருநாளும் காட்டியதில்லை. காட்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். துணியில் முடிந்து, அரிசிப் பானையின் அடியில் வைத்திருந்தாள். பொன்னுருக்கன்று விடிய மார்க்கண்டர் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்து, சந்தனம் பூசி, வெற்றிலையில் வைத்து, மேலே ஒரு செம்பரத்தம்பூவும் வைத்து மூடிக்கொண்டு வந்தார். "அவன்ரை கையிலை கன நேரம் இருக்க விடாதை" என்று பூரணம் தம்பியின் காதுக்குள் சொன்னாள். கைம்பெண் சபைக்கு வரக்கூடாது. அவள் கதவு நிலைக்குப் பின்னால் நின்றாள்.

நேரம் ஒன்பது பத்திலிருந்து ஒன்பது நாற்பது மட்டும். மார்க்கண்டர் மணிக்கூட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். நமசிவாயப் பத்தர் கும்மட்டியில் சிரட்டைக்கரியைச் சிவக்க ஊதி வைத்திருந்தார். ஒரு பக்கம் மாப்பிள்ளை ஆட்கள், மறுபக்கம் அச்சுவேலி ஆட்கள். முன் வரிசையில் சரிகைச் சேலையோடு பராசக்தி.

"தம்பி, எடுத்துக் குடுங்கோ" என்று பத்தர் கையை நீட்டினார்.

பிரகாசம் பூவை விலக்கிப் பவுணை எடுத்தான். சத்தியமாய் அவன் பார்க்க நினைக்கவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம். விரல் தானாகப் பவுணைச் சரித்தது. கூரைக்குள்ளால் விழுந்த வெயில் ராசாவின் முகத்தில் பட்டது.

"ஆ!" என்றான் பிரகாசம்.

"என்ன, சுட்டுப்போட்டுதோ?" என்றார் மார்க்கண்டர். "குடன்ரா பத்தரிட்டை."

அவன் கொடுக்கவில்லை. கை பைக்குப் போயிற்று. பூதக்கண்ணாடி வெளியே வந்தது. கதவுக்குப் பின்னால் பூரணம் தலையில் கை வைத்தாள். ராசாவுக்கு ஒரு காது. அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு காது. தாடி இரண்டு. சுற்றிவர இருந்த எழுத்தெல்லாம் இரண்டிரண்டு. ஒவ்வொரு எழுத்தின் மூலையும் கவராய்ப் பிளந்து, உருண்டு, திரண்டு, ஒரே உயரத்தில். தங்கப் பவுணில் பிறவி இரட்டை! சுருட்டுப் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் இதற்கு முன் தூசு. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கும் என்றுகூட அவன் நினைத்ததில்லை. இருபது வருஷம் தன் வீட்டு அரிசிப் பானைக்குள் கிடந்திருக்கிறது.

"என்ன பாக்கிறீர் தம்பி? பவுண் போலியோ?" என்று கேட்டாள் பராசக்தி.

"இல்லை மாமி, அருமையான பவுண்! ராசாவுக்கு ரெண்டு காது!" என்று, சந்தோஷத்தில் மூளை கழன்றுபோய், சபைக்குக் கேட்கச் சொல்லிவிட்டான்.

"மனுசருக்கு ரெண்டு காதுதானே" என்று மார்க்கண்டர் சிரித்து மழுப்பப் பார்த்தார்.

"ஒரு பக்கத்திலையோ?" என்றாள் பராசக்தி. "கொண்டாரும் அந்தக் கண்ணாடியை."

பராசக்தி தன் வாழ்நாளில் பூதக்கண்ணாடிக்குள்ளால் பார்த்தது அதுதான் முதல் தரம். முதலில் தன் விரலைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பிறகு பவுணைப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். மார்க்கண்டரின் மணிக்கூடு ஒன்பது பதினைந்தைத் தாண்டியது.

"ஐயோ பிள்ளை! இரட்டை முகம்!" என்று அவள் வாயில் அடித்துக்கொண்டாள். "இரட்டை முகப் பவுணிலை தாலி செய்தால் மாப்பிள்ளைக்கு இரட்டைத் தாரம். என்ரை பிள்ளை செத்துப்போவாள், இல்லாட்டிச் சக்களத்தியோடை மல்லுக்கட்டுவாள். எழும்புங்கோ எல்லாரும்!"

அச்சுவேலி ஆட்கள் பாதிப்பேர் எழும்பிவிட்டார்கள். இராசநாயகம் எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் முழங்கால் மடிந்தபடி நின்றார். பிரகாசத்துக்கு அப்போதுதான் புத்தி வந்தது. பவுணைக் கண்ட சந்தோஷமெல்லாம் வடிந்தது. "உதை மாத்தித் தாங்கோ, ரெண்டு பனை நிக்குது" என்ற குரல் காதுக்குள் கேட்டது. அவள் போய்விடுவாள். ஒரு வார்த்தையால், அதுவும் தன்னுடைய வாயால், அவள் போய்விடுவாள்.

"வேறை பவுணை உருக்குவம்!" என்றார் மார்க்கண்டர். "அக்காட்டை ராணித்தலை ஒண்டு இருக்கு."

கதவுக்குப் பின்னாலிருந்து பூரணத்தின் குரல் வந்தது. "வேண்டாமடா தம்பி. அந்தக் கைம்பெண் தலை வேண்டாம். இந்த வீட்டுக்கு நான் ஒருத்தி போதும்."

பத்தர் தொண்டையைச் செருமினார். "கோயிலிலை வைச்சுப் பூசை செய்த பவுண் இதுதானே. மாத்திறது சரியில்லை. நேரமும் போகுது."

பராசக்தி பிரகாசத்தைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். அவளுடைய கண் கோழி முட்டை அளவில் தெரிந்தது.

"தம்பி, நீர்தானே காசிலை பிழை பாக்கிற ஆள். ஊரெல்லாம் சொல்லுது. உது என்னெண்டு வந்தது? சொல்லும்."

பிரகாசம் சொன்னான். வாய் உலர உலர, திகதி அடிக்கிற பொறியிலிருந்து தொடங்கி, ஆட்டம் என்றால் என்ன, பிறவி இரட்டை என்றால் என்ன, சப்பை நிழல் எப்படி இருக்கும், மூலைக் கவர் எப்படி இருக்கும் என்று ஒன்றும் விடாமல் சொன்னான். அவனுடைய விசரை ஒரு சபை முழுக்க உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான். பராசக்தி ஒவ்வொன்றுக்கும் "ஓம்... ஓம்..." என்று தலையை ஆட்டினாள். இரண்டு இடத்தில் திருப்பிக் கேட்டும் தெளிந்தாள்.

"அப்ப சரி" என்றாள் கடைசியில். "அடிக்கேக்கை ஆடினதெண்டால் குற்றமில்லை. பொட்டு வைக்கேக்கை ஆரும் கையைத் தட்டிவிட்டால் பொட்டு ரெண்டாகிறதெல்லே, அது மாதிரி. துடைச்சுப்போட்டு வைக்கலாம். பிறவியிலேயே இரட்டையெண்டால் அது விதி. அதிலை தாலி செய்ய ஏலாது. இப்ப சொல்லும். இது ஆட்டமோ, பிறவியோ?"

மார்க்கண்டருக்கு மருமகனின் வாயைப் பற்றி நம்பிக்கை இல்லை. "ஆட்டம்தான் மச்சாள், ஆட்டம்தான்! பாத்தாலே தெரியுதே, ஆடுது!" என்றார்.

"உங்களைக் கேக்கேல்லை."

பிரகாசம் பவுணை உள்ளங்கையில் வாங்கினான். காசு விஷயத்தில் அவன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஒரு தரம் கொழும்பிலிருந்து வந்த துரை ஒருவர் தன் சங்கிலியில் தொங்கிய காசைக் காட்டி "அபூர்வம்தானே?" என்று கேட்டபோது, "வெறும் ஆட்டம், குப்பை" என்று முகத்துக்கு நேரே சொல்லி வேலையையே தொலைக்கப் பார்த்தவன். இப்போது உலகத்திலேயே அருமையான பிறவி இரட்டை அவன் கையில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பவுண் தப்பிவிடும். சுருட்டுப் பெட்டியில் நடுவில் பஞ்சு விரித்து வைக்கலாம், சாகும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் இருந்து கூடப் பார்க்கத்தான் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ராசா அவனை இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு கேட்பது போல் இருந்தது.

"ஆட்டம் மாமி" என்றான் பிரகாசம். "வெறும் ஆட்டம். சல்லிக்கு உதவாது."

"சத்தியமாய்?"

"பொறியிலை நாளுக்குப் பத்துப் பாக்கிறன்."

பராசக்தி மூச்சை விட்டாள். அச்சுவேலி ஆட்கள் உட்கார்ந்தார்கள். இராசநாயகத்தின் முழங்கால் நிம்மதியாய் மடிந்தது. ஒன்பது முப்பத்திரண்டு. மார்க்கண்டர் மருமகனின் விரல்களை ஒவ்வொன்றாய் விரித்துப் பவுணை எடுத்துப் பத்தர் கையில் கொடுத்தார். பத்தர் அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு மூசைக்குள் போட்டு, மூசையை நெருப்பில் வைத்தார்.

தங்கம் உடனே உருகுவதில்லை, அதுதான் கொடுமை. பத்தர் குழலால் ஊத ஊத, பவுண் முதலில் சும்மா சிவந்துகொண்டு கிடந்தது. எழுத்துகள் எல்லாம் இன்னும் தெளிவாய்த் தெரிந்தன. பிறகு ஓரம் மழுங்கியது. குதிரைக்காரன் எங்கேயோ கீழே போனான். தாடி போயிற்று. ஒரு காது போயிற்று. மற்றக் காது கொஞ்ச நேரம் பிடிவாதமாய் நின்று, அதுவும் போயிற்று. மூசைக்குள் ஒரு துளி மஞ்சள் வெளிச்சம் மாத்திரம் உருண்டு நின்றது. பிரகாசத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொல என்று கொட்டியது.

"தேப்பனை நினைக்கிறான் பிள்ளை" என்று பெண்கள் பக்கம் ஒருத்தி சொன்னாள். எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். பராசக்திகூடச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இப்படி இளகிய மனமுள்ள மாப்பிள்ளை கிடைத்தது என் பிள்ளையின் பாக்கியம் என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள்.

ஆனால் போகும்போது பூதக்கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. "உது இனி எங்கடை வீட்டிலை கிடக்கட்டும் தம்பி. நல்ல காரியத்துக்குள்ளை கொண்டுவாற சாமான் இல்லை உது" என்றாள். சொல்லிக்கொண்டே அதற்குள்ளால் மார்க்கண்டரின் மீசையைப் பார்த்தாள். வாசற் படியைப் பார்த்தாள். வண்டில் மாட்டைப் பார்த்து, "அட, இதுக்கு இமை இருக்குது!" என்று அதிசயப்பட்டாள். மனுசிக்கு எத்தனை வருஷத்துக்குப் பிறகு உலகம் தெரிகிறதோ, அதைப் பறிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எல்லாரும் போனபின் பத்தர் கும்மட்டியைக் கட்டிக்கொண்டு பிரகாசத்துக்கு அருகில் வந்தார்.

"தம்பி, நானும் அச்சு வெட்டிற ஆள்தான். மூலை கவராய் இருந்தது."

பிரகாசம் திடுக்கிட்டான். "பிறகேன் நீங்கள் சொல்லேல்லை?"

"பதினொண்டுக்கு உரும்பிராயிலை இன்னொரு பொன்னுருக்கு" என்றார் பத்தர். இரண்டு அடி நடந்து திரும்பி, "ஆனால் நீர் அந்தப் பிள்ளையை நல்லாய் விரும்பியிருக்கிறீர், என்ன?" என்று கேட்டார்.

"ஓம்" என்றான் பிரகாசம்.

அந்த ஒரு கிழமையும் அவன் ஒருவரோடும் கதைக்கவில்லை. வந்த காசையெல்லாம் பார்க்காமலே லாச்சிக்குள் போட்டான். வெங்காயக்காரர்களுக்கே மனம் கேட்கவில்லை. "ஐயா, இந்தச் சதத்தை ஒருக்கால் பாருங்கோவன், ஏதோ கீறல் மாதிரி இருக்கு" என்று ஒருவன் தானாக நீட்டினான். பிரகாசம் ரிக்கற்றைக் கொடுத்து அனுப்பினான். பொய் சொன்னது ஒரு கவலை. பவுண் போனது ஒரு கவலை. இரண்டையும் சொல்லி ஆற ஒருவரும் இல்லாதது எல்லாவற்றிலும் பெரிய கவலை. பொன்னுருக்குக்குப் பிறகு கலியாணம் வரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் முகத்தில் முழிக்கக் கூடாது. ஆகவே அவளிடமும் போக முடியாது. போனாலும் என்னவென்று சொல்லுவது? உனக்காக ஒரு ராசாவின் இரண்டு காதையும் உருக்கிவிட்டேன் என்றா?

கலியாணம் அச்சுவேலியில், பெண் வீட்டில். மணவறையில் அவன் தலைப்பாகைக்குள் வியர்த்துக்கொண்டு இருந்தான். செல்வநாயகியைக் கொண்டுவந்து பக்கத்தில் இருத்தினார்கள். நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை. அவள் கால் விரலைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான், ஐயர் சொன்னதைச் சொன்னான். தட்டில் தாலிக்கொடி சபை முழுக்கச் சுற்றி வந்தது. அதில் தொங்கிய தாலியைப் பார்த்தபோது, உள்ளே எங்கேயோ அந்தக் காதுகள் இருக்கின்றன என்று நினைத்தான்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார் ஐயர்.

நாகஸ்வரமும் தவிலும் கூரையைத் தூக்கின. பிரகாசம் எழுந்து கொடியை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் குனிந்தான். கொடியின் இரண்டு நுனியையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், சுரை என்கிற அந்தத் திருகைப் பூட்ட வேண்டும். கை பின்னால் போயிற்று. கண் முன்னால் நின்றது. அவள் கழுத்தில் ஒரு சங்கிலி. சங்கிலியில் ஒரு பவுண் பதக்கம். ராசாவின் முகம் வெளியே பார்த்தபடி, அவன் மூக்குக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில்.

ஒரு காது. அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு காது.

பிரகாசத்தின் கை நின்றுவிட்டது. மேளம் அடித்தது. அவன் அசையவில்லை. ஐயர் நிமிர்ந்து பார்த்தார். மேளகாரர் கூட்டி அடித்தார்கள்.

"என்ன பாக்கிறீங்கள்?" என்றாள் செல்வநாயகி, உதடு அசையாமல். மேளச் சத்தத்தில் அவனுக்கு மாத்திரம் கேட்டது. "சுரையைப் பூட்டுங்கோ."

"காது..."

"ஓம், ரெண்டு. தாடியும் ரெண்டு. அப்பாவும் உங்கடை அப்பாவும் ஒரே செட்டியாரிட்டை ஒரே நாள் வாங்கினதாம். அச்சிலை பிழையெண்டால் ஒண்டோடை நிக்காதுதானே எண்டு அப்பாவின்ரை பெட்டியைக் கிண்டினன். நாலாவதாய்ப் பாத்த பவுண் இது."

அவன் குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தான். "ஆட்டமாய் இருக்கும்..."

"ஆட்டமில்லை. மூலை கவராயிருக்கு. பெரியம்மா நீங்கள் சொன்ன பாடத்தை ஒரு சொல்லும் விடாமல் வந்து ஒப்புவிச்சவ. கண்ணாடியை அவ நித்திரை கொள்ளேக்கை எடுத்துப் பாத்தனான். அண்டைக்கு உருக்கினதும் இதே அச்சுத்தானே. பிறகேன் சபையிலை ஆட்டமெண்டு சொன்னீங்கள்?"

பிரகாசம் சுரையைத் தடவித் தேடினான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "அதுதான் வெளியிலை தெரியக்கூடியமாதிரிப் போட்டுக்கொண்டு வந்தனான்."

"டேய் பிரகாசம்! பூட்டன்ரா கோதாரியை!" என்று மார்க்கண்டர் மணிக்கூட்டை ஆட்டிக்கொண்டு கத்தினார். நாகஸ்வரக்காரருக்குக் கன்னம் வெடிக்கப் பார்த்தது.

"பெரியம்மா கண்டால்?" என்று பிரகாசம் முணுமுணுத்தான்.

"அவதான் தன்ரை கையாலை எனக்குப் பூட்டிவிட்டவ. கண்ணாடி என்ரை பெட்டிக்கை, உடுப்புக்குக் கீழை கிடக்கு. பூட்டுங்கோ. பிறகு ரெண்டு பேரும் ஆறுதலாய்ப் பாப்பம்."

பிரகாசம் சுரையைப் பூட்டினான். பூவும் அரிசியும் மழையாய் வந்து தலையில் விழுந்தன. மேளகாரர் மூச்சு விட்டார்கள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. வாய் காதுவரை விரிந்து கிடந்தது. இரண்டையும் அவனால் அடக்க முடியவில்லை.

முன் வரிசையில் இருந்த பராசக்தி கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை அழுறாரோ, சிரிக்கிறாரோ?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். "அந்தக் கண்ணாடி எங்கை போட்டுதெண்டு தெரியேல்லை பிள்ளை. விடியத் தொடக்கம் தேடுறன், காணேல்லை."